சுவருக்கு மரப்பலகை அடிப்பது: சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டு ஈரத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஏப்ரல் மாதத்தில் பைன் பலகை அடித்தோம். சேலத்தில் வாங்கி, காலையில் வண்டியில் ஏற்றி, மதியம் இறக்கி, மறுநாளே சுவரில் ஏற்றிவிட்டோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை தெரியாமல் இறுக்கி அடித்ததில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஐப்பசி மழையில் வீட்டுக்காரர் போன் செய்தார். "சுவரு வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதுங்க, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால், 12 அடிச் சுவரின் நடுவில் ஏழெட்டுப் பலகைகள் ஆணியோடு ரீப்பரை (பலகையைத் தாங்கச் சுவரில் அடிக்கும் மெல்லிய மரச்சட்டம்) விட்டுக் கழன்று முன்னால் வந்திருந்தன.

தப்பு மரத்தின் மேல் இல்லை, எங்கள் அவசரத்தின் மேல்தான். அதற்கப்புறம் மலையிலும் கீழேயும் நிறையச் சுவர்கள் செய்தாயிற்று. புதிதாக வேலைக்கு வரும் பையன்களும், லீவு நாளில் தானே செய்து பார்க்கும் வீட்டுக்காரர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். பலகை ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டியதை, ஏறின பிறகு சரிசெய்யப் பார்க்கிறார்கள். அதனால் இதில் வரிசைதான் முக்கியம். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் பின்னால் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஒரு 12 அடிச் சுவருக்கு இரண்டு பேர் கைவேலை 4, 5 நாள். காத்திருப்பு மட்டும் ஒன்று முதல் இரண்டு வாரம். இந்தக் கணக்கை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஹேமர் டிரில், 8 மில்லி கான்கிரீட் பிட், அதற்கேற்ற பிளக், 3 இஞ்ச் ஸ்க்ரூ, ஒன்றேகால் இஞ்ச் மெல்லிய ஆணி, சுத்தியல், கைரம்பம் அல்லது சர்க்குலர் கட்டர், மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், பென்சில். லேசர் மட்டம் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். இல்லாவிட்டால் டியூப் லெவலும் தூக்குக்குண்டும் போதும், அவை பொய் சொல்லாது.

இதோடு சமையலறைத் தராசு ஒன்றும் வேண்டும். எதற்கென்று 5-வது படியில் தெரியும்.

2. முதலில் சுவர், பிறகுதான் மரம்

பெரும்பாலானவர்கள் முதலில் மரக்கடைக்குப் போகிறார்கள். நீங்கள் முதலில் போக வேண்டியது சுவரிடம். ஓதம் ஏறும் சுவரில் என்ன மரம் அடித்தாலும் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். முன்பக்கம் பார்க்கிறவருக்கு அது தெரியாது. அறைக்குள் நுழைந்ததும் மூக்குக்குத்தான் தெரியும்.

சோதனை சுலபம். 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று. இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உள்பக்கம் (சுவர்ப் பக்கம்) முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது அறைக் காற்றின் ஈரம். ஏற்காட்டில் மழைக்காலக் காலைகளில் இது சாதாரணம். முதலாவதற்குச் சுவரைத் தான் வைத்தியம் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி தீரும்.

இன்னொரு சோதனை டிரில்லிலேயே இருக்கிறது. ஓட்டை போடும்போது பிட்டில் வரும் தூளைப் பாருங்கள். காய்ந்த சுவரில் தூள் உதிர்ந்து கீழே கொட்டும். ஈரச் சுவரில் மாவு பிசைந்த மாதிரி பிட்டிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூமா, குழாயா, மொட்டை மாடித் தண்ணீரா என்று தேடுங்கள்.

புதுப் பூச்சு வேலை நடந்த சுவரென்றால் குறைந்தது ஒரு மாதம் காயட்டும். மலையில் அதற்கு மேலும் ஆகும். மேற்பரப்பு வெளுத்துவிட்டது என்பதற்காக உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உப்பு பூத்து, பெயின்ட் பொரிந்து நிற்கும் இடங்களைச் சுரண்டிப் பூசுங்கள். "பலகை வந்து மறைச்சிரும்" என்று விடுகிற இடம்தான் பின்னால் வெடிக்கும்.

சேலத்தில் தரைத்தள வீடென்றால் கரையான் மண்கோடு இருக்கிறதா என்று சுவர் ஓரம் முழுக்கப் பாருங்கள். இருந்தால் மருந்து அடித்து, சில வாரம் கவனித்த பிறகே மேற்கொண்டு போங்கள். அடுப்புக்குப் பின்சுவர், பூஜை விளக்கு எரியும் மூலை இரண்டிலும் மரம் வேண்டாம். தீயும் கரியும் இருக்கிற இடம்.

3. எந்தப் பலகை

இரண்டு வழிகள். நாக்கும் காடியும் (ஒரு ஓரத்தில் நீட்டிய விளிம்பு, மறு ஓரத்தில் அது நுழையும் பள்ளம்) உள்ள கெட்டி மரப்பலகைகளை வரிசையாக அடிப்பது ஒன்று. கடையில் டங்க் அண்ட் குரூவ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிளைவுட்டில் வெனீரோ (தாள்போல மெல்லியதாகச் சீவிய மரம்) மைக்காவோ ஒட்டிப் பெரிய பேனலாக மாட்டுவது இன்னொன்று.

கெட்டி மரத்தில் தேக்கு குறைவாகவே அசையும். கடையில் சுலபமாகக் கிடைப்பதும் கைக்கு அடங்குவதும் பைன். ஆனால் அது அதிகம் விரியும், அதிகம் சுருங்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கை அறுத்தால் மீன் செதில் மாதிரி மினுங்கும் அழகான இழை தெரியும். எனக்கு மிகவும் பிடித்த பலகை அது. ஆனால் நன்றாக உலரவைத்து, உளுத்துப்போகாமல் இருக்க போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். இழைக்கும்போது சிலருக்கு அதன் தூள் தோலில் அரிப்பு தரும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மலையில் வெட்டிய எந்த மரத்தையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பலகையைக் கடையிலேயே ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேராக நீட்டி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வில்லாக வளைந்ததைச் சுவரில் நிமிர்த்திவிடலாம். புரிபோல முறுக்கியதை நிமிர்த்த முடியாது, ஒதுக்குங்கள். கணு இருந்தால் விரலால் அழுத்துங்கள், ஆடினால் அது ஒருநாள் விழும்.

பிளைவுட் என்றால் ஐ.எஸ். 303 முத்திரை உள்ள எம்.ஆர். ரகம் (ஈரத்தை ஓரளவு தாங்குவது) சேலத்துக் காய்ந்த அறைக்குப் போதும். ஏற்காட்டுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. ரகம் (கொதிநீரையும் தாங்குவது) வாங்குங்கள். சாதாரண எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலைக்கு வேண்டாம். ஓரம் ஒருமுறை ஈரத்தைக் குடித்து உப்பினால் திரும்ப அமுங்காது.

4. கணக்கைக் கடைசிப் பலகையிலிருந்து போடுங்கள்

புதியவர்கள் ஒரு மூலையில் முழுப்பலகையாகத் தொடங்கி, அடித்துக்கொண்டே போய், அடுத்த மூலையில் விரல் அகலத் துண்டில் மாட்டிக்கொள்வார்கள். அந்தத் துண்டை அறுக்கவும் முடியாது, ஆணி அடித்தால் பிளக்கும், பார்க்கவும் அசிங்கம்.

கணக்கு இப்படி. சுவர் 12 அடி, அதாவது 144 இஞ்ச். இரண்டு மூலையிலும் 2 நூல் இடைவெளி விட வேண்டும் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). மீதி 143½ இஞ்ச். பலகையின் முகம் மூன்றரை இஞ்ச், பக்கத்தில் அரை நூல் இடைவெளி. ஆக ஒரு பலகைக்கு 3.56 இஞ்ச். 40 முழுப்பலகை 142½ இஞ்சில் முடிந்து, கடைசியில் ஒரே ஒரு இஞ்ச் துண்டு மிஞ்சும். அது வேண்டாம். 39 முழுப்பலகை போடுங்கள். மிஞ்சுவது சுமார் 4½ இஞ்ச். அதை இரண்டாகப் பிரித்து, இரு மூலையிலும் இரண்டேகால் இஞ்ச் பலகையாக வையுங்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சமமாகத் தெரியும்.

சுவரின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கும் வீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. மரம் வாங்கும்போது பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே நிறம் கிடைக்காது.

5. மரத்தை அந்த அறைக்குப் பழக்குங்கள்

இந்தப் படிதான் எங்களை ஒண்டிக்கடையில் தலைகுனிய வைத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மரம் வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் உள்ள அறையில் மரத்துக்குள் ஏறத்தாழ 7, 8 சதவீத ஈரம் நிற்கும். காற்று 75 சதவீதத்தைத் தொட்டால் மரம் 14 சதவீதத்துக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் சேலத்துக் கடையில் காய்ந்து கிடந்த பலகையை, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழை மேகம் ஜன்னலுக்குள் வரும் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் அந்த மரத்துக்குச் சீதோஷ்ணமே மாறிவிடுகிறது.

பைன் பலகை ஒவ்வொரு 1 சதவீத ஈரத்துக்கும் அகலவாக்கில் ஏறத்தாழ கால் சதவீதம் விரியும். 8-லிருந்து 14-க்குப் போனால் ஒன்றரை சதவீதம். ஒரு பலகையில் அது ஒன்றரை மில்லிகூட இல்லை, யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 12 அடிச் சுவர் முழுக்கக் கூட்டினால் 55 மில்லி, அதாவது இரண்டு இஞ்சுக்கு மேல். இறுக்கி அடித்த சுவரில் இந்த இரண்டு இஞ்ச் எங்கே போகும்? முன்னால்தான் வரும். வயிறு தள்ளியது அதனால்தான். தேக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவாக அசையும், ஆனால் அசையாமல் இருக்காது. நீளவாக்கில் எந்த மரமும் அசைவது மிகமிகக் குறைவு, அதைப்பற்றிக் கவலை வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். பலகைகளை எந்த அறையில் அடிக்கப்போகிறீர்களோ அதே அறையில் அடுக்குங்கள். கார் ஷெட்டிலோ வராந்தாவிலோ வைத்தால் பலனில்லை. தரையில் கட்டை போட்டு, அதன்மேல் ஒரு வரிசை பலகை, குறுக்கே ரீப்பர் துண்டுகள், மறுபடி ஒரு வரிசை. ஒவ்வொரு பலகையையும் காற்று நாலு பக்கமும் தொட வேண்டும். பாலித்தீன் சுற்றி வந்திருந்தால் பிரித்து எறியுங்கள். சுற்றியபடியே வைத்துவிட்டு "பத்து நாள் வெச்சிருந்தேனே" என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள்? சேலத்தில் ஒரு வாரம், ஏற்காட்டில் இரண்டு வாரம் என்பது என் கைக்கணக்கு. நாளை நம்புவதைவிடத் தராசை நம்புங்கள். ஒரு அடி நீளத் துண்டு ஒன்றை அறுத்து, அடுக்கோடேயே வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்து, அந்தத் துண்டின் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் மரம் வீட்டுக்குப் பழகிவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம், இரண்டும் ஒத்துப்போகும்.

6. பின்பக்கத்துக்கும் நாக்குக்கும் பூச்சு

பலகை சுவரில் ஏறிய பிறகு அதன் முதுகை இனி யாரும் தொட முடியாது. அதனால் முன்பே பின்பக்கம், ஓரங்கள், வெட்டுவாய் எல்லாவற்றுக்கும் ஒரு கோட் சீலரோ வார்னிஷோ கொடுங்கள். முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டால் ஒரு பக்கம் ஈரம் அடைபட்டு, மறுபக்கம் குடித்துக்கொண்டே இருக்கும். பலகை ஓடுபோலக் குழிந்துவிடும்.

சாயம் ஏற்றுவதாக இருந்தால் நாக்குக்கும் இப்போதே சாயம் கொடுங்கள். மழையில் அடித்த பலகை பங்குனி, சித்திரையில் சுருங்கும்போது காடிக்குள் ஒளிந்திருந்த நாக்கு அரை நூல் வெளியே தெரியும். சாயம் படாத நாக்கு வெள்ளைக் கோடு கோடாகப் பல்லைக் காட்டும். சேலத்து வீடுகளில் எனக்கு அதிகம் வந்த புகார் இதுதான்.

7. மின்சாரம்

பலகையும் ரீப்பரும் சேர்ந்து சுவரை ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் இஞ்ச் முன்னால் கொண்டுவந்துவிடும். சுவிட்ச் பெட்டி பழைய இடத்திலேயே இருந்தால் பலகைக்குள் குழியாகிவிடும். ரீப்பர் அடிப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்து, பெட்டிகளைப் பலகையின் முகத்துக்கு முன்னிழுத்து வைக்கச் சொல்லுங்கள். பலகைக்குப் பின்னால் ஒயர் ஜாயின்ட் எதுவும் மறைந்திருக்கக் கூடாது. சூடாகிப் பொறி வந்தால் பக்கத்தில் காய்ந்த மரம் இருக்கும்.

சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடாதீர்கள், பைப் அந்த வழியாகத்தான் போகும். வெறும் சுவராக இருக்கும்போதே பக்கத்தில் டேப் அளவுகோலை நீட்டி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் டிவி மாட்டும்போது அந்தப் போட்டோவைத் தேடுவீர்கள்.

8. ரீப்பர் சட்டம்

பலகை செங்குத்தாக நின்றால் ரீப்பர் படுக்கைவாக்கில் வரும். பலகை படுத்தால் ரீப்பர் நிற்கும். 2 இஞ்சுக்கு 1 இஞ்ச் ரீப்பர் போதும். முக்கால் இஞ்ச் கெட்டிப் பலகைக்கு 2 அடிக்கு ஒரு ரீப்பர், மெல்லிய பலகைக்கு 16 இஞ்சுக்கு ஒன்று. பிளைவுட் மாட்டுவதாக இருந்தாலும் 16 அல்லது 24 இஞ்சையே வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு நாலு ஷீட்டின் அகலம் 48 இஞ்ச். 16-ம் 24-ம் அதில் மிச்சமில்லாமல் வகுபடும், ஷீட்டின் ஓரம் சரியாக ரீப்பரில் உட்காரும். ஒன்றரை அடி என்று வைத்தால் ஓரம் அந்தரத்தில் தொங்கும்.

ரீப்பர் முழுவதற்கும் கரையான் மருந்து பூசிக் காயவிடுங்கள். அப்புறம் ஓட்டை. பிட் உள்ளே போகும்போது முதலில் சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. அரை இஞ்சுக்கு மேல் போனதும் செங்கல் சிவப்பு வரும். சிவப்பு வந்த பிறகு இன்னும் ஒன்றரை இஞ்ச் உள்ளே போங்கள். பிளக் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். பூச்சில் மட்டும் உட்கார்ந்த பிளக் கையால் இழுத்தாலே வந்துவிடும். 3 இஞ்ச் ஸ்க்ரூ கேட்டது இதற்குத்தான். ஏற்காட்டுப் பழைய கல் வீடுகளில் சிவப்பே வராது. அங்கே கல்லைத் துளைக்க வேண்டும். கல்லிடுக்குச் சுண்ணாம்புச் சாந்தில் பிளக் வைத்தால் நிற்காது.

இனி மட்டம். முதலில் மேல் ரீப்பரையும் கீழ் ரீப்பரையும் வைத்து, இரண்டுக்கும் நடுவே இரண்டு முனையிலும் நூல் கட்டுங்கள். நடு ரீப்பர்கள் அந்த நூலைத் தொட வேண்டும், ஆனால் தள்ளக் கூடாது. சுவர் குழிந்த இடத்தில் ரீப்பருக்குப் பின்னால் பிளைவுட் சீவல் வைத்து முன்னிழுங்கள், புடைத்த இடத்தில் ரீப்பரின் முதுகை இழைத்துக் குறையுங்கள். இங்கே ஒரு நூல் அளவு (எட்டில் ஒரு இஞ்ச்) தப்பானாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பலகை அலை அலையாகத் தெரியும். பலகை அடித்த பின் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. மொத்த வேலையில் ஒரு முழு நாளை நான் இதற்குத்தான் ஒதுக்குவேன்.

படுக்கை ரீப்பரை ஒரே நீளமாக மூலைக்கு மூலை போடாதீர்கள். 4 அடிக்கு ஒருமுறை இரண்டு இஞ்ச் வெட்டுவிடுங்கள். அப்போதுதான் கீழிருந்து மேலே காற்று ஏறும். மலை வீட்டில் இந்த வெட்டு இல்லாவிட்டால் ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவே உள்ள இடம் ஒரு மூடிய பெட்டியாகி, உள்ளே பூஞ்சை வளரும்.

9. பலகை ஏற்றுதல்

முதல் பலகைக்கு மூலைச் சுவரை நம்பாதீர்கள், தூக்குக்குண்டை நம்புங்கள். மூலை கோணலாக இருந்தால் அந்தக் கோணலை முதல் பலகையின் சுவர்ப்பக்க ஓரத்தில் கீறி, இழைத்து உள்வாங்கிக்கொள்ளுங்கள். நாக்கு உள்ள பக்கம் கச்சிதமாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். முதல் பலகை ஒரு நூல் சாய்ந்தால் கடைசிப் பலகை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆணியை முகத்தில் அடிக்காமல், நாக்கு பலகையோடு சேரும் மூலையில் 45 டிகிரி சாய்வாக அடியுங்கள். தலையை இன்னொரு தடித்த ஆணியால் உள்ளே தள்ளிவிடுங்கள். அடுத்த பலகையின் காடி அதை மறைத்துவிடும். அடுத்த பலகையை நேரடியாகச் சுத்தியலால் தட்டினால் காடி நசுங்கும். காடியுள்ள ஒரு துண்டுப் பலகையை நாக்கில் மாட்டி, அதைத் தட்டுங்கள்.

இடைவெளியில்தான் நிதானம் வேண்டும். வறண்ட காலத்தில் அடித்தால் ஒவ்வொரு பலகைக்கும் அரை நூல் விடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லி, அளவுக்கு அதை நடுவில் வைத்து அடித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில், மரம் ஏற்கெனவே ஈரம் குடித்துப் பெருத்திருக்கும்போது, இடைவெளி இல்லாமல் சேர்த்தே அடியுங்கள். அது இனி சுருங்கத்தான் போகிறது. அப்படியென்றால் 4-வது படியின் கணக்கில் அந்த அரை நூலைக் கழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

பலகையைப் பெவிகால் போட்டு ரீப்பரில் ஒட்டாதீர்கள். "இன்னும் ஸ்ட்ராங்கா நிக்குமே" என்று ஆசாரிகள்கூடச் சொல்வார்கள். ஒட்டினால் மரம் அசைய இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். நாலு பலகைக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் அடுத்த நாலைந்து பலகைகளில் மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்யுங்கள், ஒரே பலகையில் திருத்தாதீர்கள். கடைசிப் பலகைக்கு மட்டும் காடியின் பின்னுதட்டைச் சீவிவிட்டு முன்பக்கமாக நுழைத்து, முகத்தில் இரண்டு மெல்லிய ஆணி. அந்த ஓட்டையை அதே மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடலாம்.

10. பிளைவுட், வெனீர் பேனல் என்றால்

வேலை குறைவு, பிழையும் குறைவு. 12 மில்லி பிளைவுட்டின் முகத்தில் வெனீர் ஒட்டினால் முதுகில் மெல்லிய மைக்கா ஏதாவது ஒட்டியே தீர வேண்டும். இல்லாவிட்டால் பேனல் ஒரு பக்கமாக வளையும். இரண்டு பேனல்களை ஒட்டினாற்போல் சேர்க்காதீர்கள். ஒன்றரை நூல் பள்ளம் விட்டு, கறுப்பு அடித்துவிடுங்கள், அதுவே டிசைனாகிவிடும். வெனீர் ஷீட்டுகளைக் கடையில் வரிசை எண்ணோடு வாங்குங்கள். இழை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடர வேண்டும்.

பின்னால் குழாய் ஓடும் சுவரென்றால் பேனலை ஆணி அடிக்காமல் தொங்கவிடுங்கள். ஒரு கட்டையை நீளவாக்கில் 45 டிகிரியில் பிளந்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைத் தலைகீழாகப் பேனலிலும் பொருத்தினால் ஒன்றின்மேல் ஒன்று கொக்கிபோல உட்காரும். பிளம்பர் வரும் நாளில் தூக்கி எடுத்துவிடலாம்.

11. கீழ் ஓரம், மேல் ஓரம்

நம் வீடுகளில் வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுவோம். இதை மறந்துவிட்டுத் தரைவரை பலகையை இறக்கிய ஒரு வீட்டில், ஆறே மாதத்தில் கீழ் நாலு இஞ்ச் கறுத்துவிட்டது. தரை ஓரம் இருக்கும் டைல்ஸ் ஸ்கர்ட்டிங்கை எடுக்காதீர்கள். பலகை அதற்கு மேலேயே முடியட்டும், நடுவில் இரண்டு நூல் திறந்திருக்கட்டும். மேலேயும் சீலிங்குக்கு அரை இஞ்ச் கீழே நிறுத்துங்கள். பீடிங் (மெல்லிய ஓரப்பட்டை) வைத்து மறைத்தாலும் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். பீடிங்கைச் சுவரோடு சேர்த்து அடியுங்கள், பலகையோடு அல்ல.

12. உப்புத்தாளும் பாலிஷும்

120, 180, 240 எண் உப்புத்தாள் என்ற வரிசையில் தேய்க்கவும். எப்போதும் இழை ஓடும் திசையில். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது, பாலிஷ் பட்டதும் பளிச்சென்று எழும். 120-லிருந்து நேராக 240-க்குத் தாவினாலும் அதே கதி. தேய்த்தபின் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் சீலர். ஒரு கோட் பூச்சுக்கும் அடுத்த கோட் பூச்சுக்கும் நடுவே 320 தாளால் லேசாக.

மழை நாளிலும் பனி இறங்கும் சாயங்காலத்திலும் மெலமைன் பாலிஷ் (தின்னர் கலந்து அடிப்பது) அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் சிந்தியதுபோல வெள்ளை படர்ந்துவிடும். ஏற்காட்டில் காலை பத்து மணிக்கு மேல் மதியம் மூன்றுக்குள் முடித்துவிடுவேன். மேகம் இறங்கினால் அன்று வேலை இல்லை, டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவோம்.

ஆளி எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

13. முதல் வருடம் என்ன பார்க்க வேண்டும்

வெயில் காலத்தில் பலகைகளுக்கு நடுவே கோடு தெரிவதும், மழையில் அது மறைவதும் இயல்பு. பட்டி வைத்து அடைக்காதீர்கள், அடுத்த மழையில் அந்தப் பட்டியே பலகையைத் தள்ளும்.

பலகையின் கீழே மாவுபோன்ற மெல்லிய தூள் குவிந்தால் உளுப்பு. அந்தப் பலகையை மட்டும் கழற்றி மருந்து ஏற்ற வேண்டும். முட்டினால் சத்தம் பொத்தென்று மாறும் இடம் இருந்தால் அங்கே ஆணி விட்டிருக்கிறது. ஒரு மூலை மட்டும் கறுத்துக்கொண்டே வந்தால் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்காமல், சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குழாயைப் பாருங்கள்.

ஒண்டிக்கடை வீட்டுச் சுவரை நாங்கள் அடுத்த தையில் முழுக்கக் கழற்றி, அதே பலகைகளையே இரண்டு வாரம் அதே அறையில் அடுக்கி வைத்து, இரண்டு பக்கமும் பூசி, இடைவெளி விட்டு மறுபடி அடித்தோம். 40 பலகை போயிருந்த இடத்தில் 39 தான் கொண்டது.